ஒரு நாள் மலையேற்றத்துக்கு எவ்வளவு சாமான் எடுத்துப்போவது? பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் இருந்து சனி, ஞாயிறுகளில் மலைக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களும் அலுவலக நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவரவர் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். சாவனதுர்கா, சிவகங்கை, ஸ்கந்தகிரி, மாகளிதுர்கா, அந்தரகங்கை மாதிரி அரை நாளில் ஏறி இறங்கும் மலைகளுக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் குமார பர்வதம் மாதிரி விடியலில் கிளம்பிப் பொழுது சாயத் திரும்பும் மலைகளுக்கும் இது பொருந்தும். மேலே கூடாரம் போட்டுத் தங்குவதற்கான கணக்கு வேறு. அதை இங்கே தொடவில்லை.

நந்தி மலைக்குத்தானே போறோம், ஒரு தண்ணி பாட்டில் போதாதா?

வண்டியிலேயே உச்சி வரை போய் இறங்கினால் போதும். மேலே கடை இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, கால் வலித்தால் வண்டி இருக்கிறது. சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ஸ்வெட்டரோ காற்றைத் தடுக்கும் ஜாக்கெட்டோ சேர்த்துக்கொண்டால் சரி. 1,478 மீட்டர் உயரத்தில் விடிகாலைக் காற்று நன்றாகக் கடிக்கும்.

அதே நந்தி மலையை அடிவாரத்துச் சுல்தான்பேட்டையில் இருந்து படி வழியாக ஏறினால் பேச்சே மாறிவிடும். மலையின் பெயரை வைத்துப் பையை நிரப்ப முடியாது. எந்த வழி, எத்தனை மணி நேரம் என்பதுதான் கணக்கு.

அப்போ எவ்வளவு எடுக்கணும்னு எதை வெச்சு முடிவு பண்றது?

மூன்று விஷயம் தெரிந்தால் போதும். மொத்தம் எத்தனை மணி நேரம் நடை? வழியில் நம்பகமான தண்ணீர் இருக்கிறதா? ஒருவரால் நடக்க முடியாமல் போனால் வண்டி வரும் சாலை எவ்வளவு தூரம்? கிலோமீட்டரை மட்டும் பார்ப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். சாவனதுர்காவில் தூரம் குறைவு. ஆனால் நிழலே இல்லாத மொட்டைப் பாறையில் ஏறக்குறைய நேராக மேலே போக வேண்டும்.

நேரத்தைக் கணிக்க 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன சூத்திரம் இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் வெயிலுக்கும் வாரம் முழுக்க நாற்காலியில் உட்காரும் உடம்புக்கும் வருவதை ஒன்றரையால் பெருக்குங்கள். குக்கே சுப்பிரமணியாவில் இருந்து குமார பர்வதம் ஒரு பக்கம் சுமார் 12 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 1,600 மீட்டர். சூத்திரப்படி ஏற மட்டும் 5 மணி நேரம். ஒன்றரையால் பெருக்கினால் ஏழரை. இறங்க இன்னும் நாலைந்து மணி நேரம். வெளிச்சம் இருக்கும் நேரம் முழுவதையும் இந்த மலையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அங்கே டார்ச் கட்டாயச் சாமான்.

பட்டியல் தயாரானதும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கூட வந்தவர் கால் சுளுக்கி, உதவி வரும்வரை பாறையில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டி வந்தால் இந்தப் பை போதுமா? தாகம், குளிர், இருட்டு, காயம், வெளியே தகவல் சொல்வது ஆகிய ஐந்துக்கும் பையில் பதில் இருந்தால் போதும். அதற்கு மேல் திணிப்பது தோளுக்குத்தான் கேடு.

தண்ணி எத்தனை லிட்டர்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தலைக்கு அரை லிட்டர். மார்ச் முதல் மே வரை வெயில் நேரத்தில் மொட்டைப் பாறை ஏறுவதென்றால் முக்கால் லிட்டர். நிறைய வியர்க்கிற உடம்பு என்றால் ஒரு லிட்டர். அதன் மேல் யாரும் தொடாத அரை லிட்டர் கையிருப்பு. டிசம்பரில் நாலு மணி நேரச் சாவனதுர்காவுக்கு இரண்டரை லிட்டர் வரும். ஏப்ரலில் அதே மலைக்கு மூன்றரை ஆகும். அதைத் தூக்கிக்கொண்டு வேகுவதற்கு, விடிந்ததும் ஏறத் தொடங்கி 10 மணிக்குள் இறங்கிவிடுவது எவ்வளவோ மேல்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பையில் மிகவும் கனமான சாமான் அதுதான். அதனாலேயே முதலில் குறைக்கக் கை போவதும் அதில்தான். குறைக்க வேண்டியது மற்றவற்றை. குமார பர்வதம் மாதிரி வழியில் பட்டரு மனெ என்ற வீடு, கல் மண்டபத்து ஊற்று என்று நிரப்ப இடமுள்ள மலைகளில் மொத்தத்தையும் சுமக்க வேண்டாம். ஆனால் ஊற்று, ஓடைத் தண்ணீரில் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரமாவது காத்திருந்துதான் குடிக்க வேண்டும். பிப்ரவரிக்குப் பிறகு ஓடைகளை நம்பிப் போக வேண்டாம்.

எதில் எடுத்துப்போவது என்பதும் முக்கியம். இரட்டைச் சுவர் ஸ்டீல் பாட்டில் காலியாகவே அரைக் கிலோ வரை இருக்கும். சாதாரண ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் முப்பது கிராம் சுமார். ஒரே பெரிய பாட்டிலை விட ஒரு லிட்டரில் இரண்டு, அரை லிட்டரில் ஒன்று நல்லது. ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். எவ்வளவு குடித்தோம் என்றும் பார்த்ததும் தெரியும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை வசதிதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது.

ஓ.ஆர்.எஸ். எதுக்கு? வெறும் தண்ணி குடிச்சா ஆகாதா?

மூன்று மணி நேரத்துக்குள் என்றால் வெறும் தண்ணீரும் உப்புப் போட்ட கடலையும் போதும். அதற்கு மேல் வெயிலில் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீராகக் குடித்தால் உடம்பில் உப்புக் குறைந்து தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வரும். ‘தண்ணீர் போதவில்லை போல’ என்று இன்னும் குடிப்பார்கள்; நிலைமை மோசமாகும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். தூள் தலைக்கு இரண்டு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் பொட்டலமும் 200 மில்லி பொட்டலமும் தனித்தனியே விற்கிறார்கள். மேலே எழுதியிருப்பதைப் பார்த்து அந்த அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் கரைசல் கெட்டியாகி வயிற்றைப் புரட்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டிப் போடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ இருக்கலாம்?

உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்தப் பாருங்கள். டிசம்பர் சாவனதுர்காவுக்கு ஒரு நியாயமான பை இப்படி இருக்கும்: தண்ணீர் பாட்டிலோடு 2.6 கிலோ, பை 400 கிராம், சாப்பாடு 500, மழை ஜாக்கெட் 250, முதலுதவி 200, ஹெட்லேம்ப் 80, பவர் பேங்க் வயரோடு 220, மாற்றுக் காலுறை, துண்டு, குப்பைக் கவர், விசில், சன்ஸ்கிரீன் எல்லாம் சேர்த்து 250. மொத்தம் நாலரைக் கிலோ. இதில் பாதிக்கு மேல் தண்ணீர். இறங்கும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோதான் முதுகில் இருக்கும்.

முந்தின இரவே பையை எடை போடுங்கள். வீட்டில் எடைக் கருவியில் பையோடு ஏறி நின்று, பிறகு பை இல்லாமல் நின்று கழித்தால் போதும். தண்ணீர் இல்லாமலே மூன்று கிலோ தாண்டினால் உள்ளே வேண்டாதது ஏதோ இருக்கிறது.

ஆபீஸ் லேப்டாப் பையே போதுமா, தனியா வாங்கணுமா?

அரை நாள் மலைக்குப் போதும், மார்புப் பட்டை இருந்தால். இல்லையென்றால் பாறையில் குனிந்து கையூன்றும்போது பை ஒரு பக்கம் சரிந்து ஆளையும் சேர்த்து இழுக்கும். இரண்டு தோள் பட்டைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு துண்டாலோ பெல்ட்டாலோ கட்டிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். வாங்குவதென்றால் டெகாத்லானில் கிடைக்கும் 10 லிட்டர் பை அரை நாளுக்குச் சரி. முழு நாள், மழைக்காலம் என்றால் இடுப்புப் பட்டையோடு 20 லிட்டர். 40 லிட்டர் பை வாங்காதீர்கள். இடம் இருந்தால் கை தானாகவே நிரப்பும்.

அடுக்குவதில் ஒரே விதி: கனமான தண்ணீர் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு இடையில் வர வேண்டும். ஜாக்கெட் மேலே, குடிக்கும் பாட்டில் பக்கப் பையில். கையில் எதுவும் தொங்கக் கூடாது.

ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா? ட்ரெக்கிங் ஷூ வாங்கியே ஆகணுமா?

பெங்களூரைச் சுற்றியுள்ள காய்ந்த பாறை மலைகளில் அடிப்பகுதி தேயாத ரப்பர் ஷூவே நன்றாகப் பிடிக்கும். கணுக்கால் உயர ஷூ கட்டாயமில்லை. தேய்ந்து வழவழப்பான பழைய ஷூவும், நுரை மாதிரி மெத்தென்ற ஓட்ட ஷூவும்தான் ஆபத்து. ஈரமான பாறையில் எந்த ஷூவும் வழுக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் கறுப்பாகத் தெரியும் கோடுகளில் கால் வைக்காதீர்கள்; அது பாசி. மேற்குத் தொடர்ச்சி மலையின் சேற்றுக்கு மட்டும் ஆழமான பல் வைத்த ட்ரெக்கிங் ஷூ நிஜமாகவே பயன்படும். புது ஷூவை மலையில் முதல் முறை போடாதீர்கள். ஒரு வாரமாவது லால்பாக்கிலோ தெருவிலோ நடந்து பழக்குங்கள்.

இறங்கும்போது கட்டைவிரல் நகம் கறுப்பதற்குப் பெரும்பாலும் லேஸ் கட்டும் விதம்தான் காரணம். கால் முன்னால் சறுக்கி ஷூவின் மூக்கில் இடிக்கிறது. அதைத் தடுக்க, மேலிருந்து இரண்டாவது கண் (லேஸ் துளை) வரை வழக்கம்போல் கோர்த்துக்கொள்ளுங்கள். பிறகு லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்தின் கடைசிக் கண்ணில் வெளியிலிருந்து உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் ஒரு சின்ன வளையம் வரும்படி தளர்வாக விடுங்கள். இப்போது இடது லேஸை வலது வளையத்திலும் வலது லேஸை இடது வளையத்திலும் நுழைத்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாமல் நிற்கும். ஏறும்போது சாதாரணமாகக் கட்டி, உச்சியில் இப்படி மாற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

ஜீன்ஸ் போட்டுக்கிட்டு வரலாமா?

வேண்டாம். முட்டியை மடக்க விடாது. நனைந்தால் கனத்து, காய மணிக்கணக்காகும். நனைந்த பருத்தித் துணியோடு மேலே காற்றில் நின்றால் உடல் சூடு வேகமாக இறங்கும். உயரம் ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி அளவில் வெப்பம் குறைகிறது. காற்று அதை இன்னும் கூட்டிக் காட்டும்.

சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டி-சர்ட், முழு நீளக் கால்சட்டை, தொப்பி போதும். அரைக்கால் சட்டையும் வேண்டாம், ஏனென்றால் பல மலைகளின் அடிவாரப் புதரில் உன்னிச்செடி முள் காலைக் கிழித்துவிடும்.

சாப்பாட்டுக்கு என்ன? தயிர் சாதம் கட்டிக்கலாமா?

தயிர் சாதம் வெயிலில் புளித்துப் பொங்கும், பையில் கசியும். பாலும் தயிரும் சரிபாதியாக ஊற்றிப் பிசைந்தால் மதியம் வரை தாங்கும் என்பார்கள். ஏப்ரல் வெயிலில் முதுகுப் பைக்குள் அந்த நம்பிக்கை வேண்டாம். மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய இட்லிதான் இதற்கு முதல் தரம். ஒரு கையால் சாப்பிடலாம், கெடாது, ஸ்பூன் வேண்டாம், தாகமும் அவ்வளவாக எடுக்காது. தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், சப்பாத்திச் சுருள் எல்லாம் சரி.

தலைக்கு ஒரு வேளைச் சாப்பாடும், அதோடு இரண்டு கடலை மிட்டாய், ஒரு கைப்பிடி உப்புக் கடலை, நாலைந்து பேரீச்சம்பழமும் போதும். மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொறித்துக்கொண்டே போவது, உச்சியில் வயிறு முட்டச் சாப்பிடுவதை விட நல்லது. சில்வர் டிபன் கேரியரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வாழை இலையும் செய்தித்தாளும் போதும். சில வனத்துறைச் சாவடிகளில் பையைத் திறந்து பிளாஸ்டிக் பார்ப்பார்கள் என்பதால் இலையில் கட்டினால் அங்கேயும் தொல்லை இல்லை.

பகல்லதானே போறோம், டார்ச் எதுக்கு? போன்லயே இருக்கே.

டிசம்பரில் பெங்களூரில் சூரியன் 6 மணி வாக்கிலேயே மறைந்துவிடும். ஜூனில் கூட ஏழு ஆகாது. மறைந்த அரை மணிக்குள் கால் வைக்கும் இடம் தெரியாது. வழி தவறினாலோ யாராவது மெதுவானாலோ இரண்டு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும்.

போன் டார்ச் கையில் பிடிக்க வேண்டியது. பாறையில் இறங்க இரண்டு கையும் வேண்டும். உதவிக்கு அழைக்க வேண்டிய பேட்டரியையும் அதுவே தின்றுவிடும். ஆளுக்கொரு ஹெட்லேம்ப், 80 கிராம்தான். மாற்று பேட்டரி சேர்த்து வையுங்கள். பைக்குள் தானாக எரிந்து தீராமல் இருக்க, ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டு வைப்பது பழைய வழி.

மழைக்கு ரெயின் கோட்டா, பான்ச்சோவா, குடையா?

மலை முகட்டில் குடை திரும்பிக்கொள்ளும். இடி இடிக்கும்போது கையில் இருக்கவும் கூடாது. சமதளக் காட்டுப் பாதையில், தலைவழியே மாட்டும் போர்வை மாதிரியான பான்ச்சோ நல்லது, பையையும் மூடும். ஆனால் பாறையில் இறங்கும்போது பாதத்தை மறைத்துவிடும். இரண்டும் கலந்த மலைக்குத் தொப்பி வைத்த மழை ஜாக்கெட்டே சரி. ஜனவரி, பிப்ரவரி தவிர மற்ற மாதங்களில் எடுத்தே போங்கள். உட்கார நேர்ந்தால் அதுதான் காற்றுத் தடுப்பும்.

பைக்கு மேலே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் முதுகு வழியாக வழிந்து பட்டைப் பக்கமாக உள்ளே போகும். பைக்குள்ளே ஒரு பெரிய கறுப்புக் குப்பைக் கவரை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். இறங்கும்போது குப்பை அள்ளவும் அதுவே.

ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மழை வருவது பெங்களூர்ப் பக்கம் வழக்கம். மொட்டைப் பாறை உச்சியில் மின்னலுக்கு எதிரே எந்தச் சாமானும் நிற்காது. மதியத்துக்குள் இறங்கிவிடுவது ஒன்றே வழி.

ஃபர்ஸ்ட் எய்ட்ல என்னென்ன? ரெடிமேட் டப்பா வாங்கிடலாமா?

கடை டப்பாவில் பாதி வேண்டாதது, டப்பாவே பாதி எடை. ஒரு ஜிப் கவர் போதும். 10 சென்டிமீட்டர் க்ரேப் பேண்டேஜ் ஒன்று, பேண்ட்-எய்ட் பத்து, ஜிங்க் ஆக்ஸைடு பிளாஸ்டர் ஒரு சுருள் (வியர்வையில் மைக்ரோபோர் பிரிந்துவிடும், இது ஒட்டும்), பஞ்சுத் துணி நாலு, பீட்டாடின் களிம்பு, பாராசிட்டமால், செடிரிசின், ஊக்கு இரண்டு, அவரவர் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், குழுப் பையில் அல்ல. குதிகால் எரிய ஆரம்பித்த உடனே நின்று அங்கே பிளாஸ்டர் ஒட்டினால் கொப்புளமே வராது. ‘மேலே போய்ப் பார்த்துக்கலாம்’ என்றால் வரும்.

சுளுக்கிக்கிட்டா அந்த பேண்டேஜை எப்படிக் கட்டறது?

சாலை பக்கத்தில் இல்லையென்றால் ஷூவைக் கழற்றும் முன் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். வீங்கிய கால் மறுபடி உள்ளே போகாது. நடந்தே இறங்க வேண்டியிருந்தால் லேஸைக் கொஞ்சம் தளர்த்தி, ஷூவுக்கு மேலேயே எட்டு வடிவில் கட்டலாம். கழற்றிவிட்டீர்கள் என்றால், விரல்களுக்குக் கொஞ்சம் மேலே பாதத்தைச் சுற்றி இரண்டு சுற்று, புறங்காலுக்குக் குறுக்கே ஏற்றிக் கணுக்காலைச் சுற்றி, மறுபடி குறுக்கே இறக்கிப் பாதத்தின் அடியில். ஒவ்வொரு சுற்றும் முந்தினதைப் பாதி மூட வேண்டும். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். அவை குளிர்ந்தாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள்.

பாதத்தை ஊன்றி நாலு அடி கூட வைக்க முடியவில்லை, எலும்பின் மேல் தொட்டாலே உயிர் போகிறது என்றால் எலும்பு முறிவாக இருக்கலாம். நடக்க வைக்காதீர்கள். 112 அல்லது 108-ஐ அழையுங்கள்.

அட்டைப்பூச்சி, குரங்கு, தேனீ, பாம்பு... இதுக்கெல்லாம் தனித்தனியா ஏதாவது எடுக்கணுமா?

அட்டை மழைக்கால மேற்குத் தொடர்ச்சி மலையின் விஷயம். சிவகங்கையில் அதற்குத் தயாராக வேண்டாம். போவது குமார பர்வதம் என்றால், முட்டி வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறையும் துணியில் முடிந்த ஒரு பிடி உப்பும் போதும். கடித்தால் பிய்த்து எறியாதீர்கள். மெல்லிய முனைப் பக்கம் தோலோடு நகத்தை ஒட்டவைத்துத் தள்ளினால் வாய் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் ஒழுகத்தான் செய்யும். பயப்பட ஒன்றுமில்லை, கழுவிப் பஞ்சுத் துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

குரங்குக்கு எடுக்க வேண்டியது எதுவுமில்லை, எடுக்கக் கூடாதது உண்டு: கையில் கேரி பேக். தேனீக்கும் அப்படியே. பாறை விளிம்புகளில் தொங்கும் பெரிய மலைத்தேனீக் கூடுகளுக்கு அருகில் செண்ட் வாசனை, புகை, ட்ரோன் எதுவும் ஆகாது. கிளம்பி வந்தால் முகத்தை மூடிக்கொண்டு அங்கிருந்து ஓட வேண்டும், நின்று விரட்டக் கூடாது. பாம்புக்கு ஷூ, முழுக்கால் சட்டை, கை வைக்கும் முன் பாறை இடுக்கைப் பார்ப்பது. கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஆபீஸ்ல இருபது பேர் போறோம். எல்லாரும் எல்லாத்தையும் தூக்கணுமா?

தண்ணீர், விளக்கு, மழை ஜாக்கெட், விசில், சொந்த மருந்து ஆளுக்கொன்று. இவற்றைப் பங்கிட முடியாது, ஏனென்றால் குழு பிரியும், எப்போதும் பிரியும். முதலுதவி இருபது பேருக்கு இரண்டு: ஒன்று முன்னால் போகிறவரிடம், ஒன்று கடைசியில் வருகிறவரிடம். முழுதும் முன்னால் போகிறவரிடமே இருந்தால் பின்னால் அடிபட்டவருக்கு அது கிடைக்காது. பவர் பேங்க் ஐந்து பேருக்கு ஒன்று, 10,000 எம்.ஏ.எச். போதும். கயிறு வேண்டாம். கட்டத் தெரியாத கையில் கயிறு ஒருவரை விழ வைக்காமல் தடுக்காது, இருவரைச் சேர்த்து இழுத்துவிடும்.

பைக்ல போறோம். ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட்டையெல்லாம் என்ன பண்றது?

மேலே தூக்காதீர்கள். ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்டுங்கள். ஜாக்கெட்டை அடிவாரக் கடையில் டீ குடிக்கும்போது கேட்டு வைத்துவிட்டுப் போகலாம். காரில் போகிறவர்களுக்கு வண்டியே இரண்டாவது பை. தலைக்கு இரண்டு லிட்டர் கூடுதல் தண்ணீர், மாற்று உடை, செருப்பு, மிச்சச் சாப்பாடு அங்கே இருக்கட்டும். மலையில் வேண்டியது, இறங்கியபின் வேண்டியது என்று பிரித்தாலே பலருடைய பை பாதியாகும்.

என் பை ஒன்பது கிலோ ஆயிடுச்சு. எதைப் பார்த்தாலும் வேணும்னுதான் தோணுது.

சாமானைப் பார்த்து ‘தேவைப்படுமா?’ என்று கேட்டால் எல்லாமே தேவைப்படும். ‘இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். ‘கொஞ்சம் அசௌகரியம்’ என்று பதில் வந்தால் வெளியே. ‘இறங்க முடியாது’ என்றால் உள்ளே. முதலில் வெளியே போக வேண்டியவை: இரண்டாவது டி-சர்ட், ஜீன்ஸ், பெரிய துவாலை, ஸ்டீல் பாட்டில், ப்ளூடூத் ஸ்பீக்கர், கேமராவின் இரண்டாவது லென்ஸும் ட்ரைபாடும், முழு சன்ஸ்கிரீன் பாட்டில் (சின்ன டப்பாவில் கொஞ்சம் போதும்), நாலு வேளைத் தின்பண்டம். தண்ணீரில் கை வைக்காதீர்கள். அந்தக் கணக்கு மேலே இருக்கிறது.

ட்ரெக்கிங் கம்பு முட்டி வலி உள்ளவர்களுக்கு இறங்கும்போது நிஜமாகவே உதவும். ஒன்று போதும். கையூன்றி இறங்கும் இடத்தில் மடித்துப் பையில் செருக முடிந்ததாக இருக்கட்டும்.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, குழந்தையும் இருக்கு. சிவகங்கை போகலாம்னு இருக்கோம்.

கோயில் மலை என்பதால் ஷூவைக் கழற்ற வேண்டி வரும். ஒரு துணிப்பையும், ஆளுக்கு ஒரு ஜோடிக் கெட்டிக் காலுறையும் எடுங்கள்; பத்து மணிக்கு மேல் பாறை வெறுங்காலைச் சுட்டுவிடும். பெரியவர்கள் காலையில் போடும் மாத்திரை பையில் ஒரு வேளைக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். அவர்கள் தண்ணீரை நீங்கள் சுமங்கள். குழந்தை தன் பையில் ஒரு சின்ன பாட்டிலும் விசிலும் மட்டும் தூக்கட்டும். ‘காணாமப் போனா நின்ன இடத்துலயே நின்னு ஊது’ என்று சொல்லி, கிளம்பும் முன் ஒரு முறை ஊத வையுங்கள். குழந்தையைத் தோளில் தூக்க வேண்டி வரும் என்று கணக்கிட்டு, பெரியவர் ஒருவரின் பையை எடை குறைவாக வையுங்கள்.

தனியா போகலாமா? போன்ல மேப் இருக்கே.

தனியாகப் போனால் பை கொஞ்சம் கனக்கும்: இரண்டாவது விளக்கு, முழு முதலுதவி, உடல் சூட்டைக் காக்கும் 60 கிராம் வெள்ளித்தாள் போர்வை. கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை முந்தின நாளே ஆஃப்லைனில் இறக்கிவிட்டு, சிக்னல் இல்லாத இடத்தில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீரும். எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்கு இறங்குவேன், அதற்கு மேல் எத்தனை மணி நேரம் கழித்து உதவி கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டிய மலைகளுக்கு முன்பதிவு செய்து, அதை போனிலும் காகிதத்திலும் வையுங்கள். ராமநகரா, சாவனதுர்காப் பக்கம் கரடியும் சிறுத்தையும் உண்டு. இருட்டில் தனியாக ஏறுவது எந்தச் சாமானோடும் சரியில்லை.

கூட வர்ற ஒருத்தர் எப்பவும் வெறுங்கையோட வர்றார். எல்லாரும் அவருக்குத் தண்ணி குடுக்கணும். என்ன பண்றது?

அடிவாரத்திலேயே கேளுங்கள், பாதி மலையில் அல்ல. கடையில் இரண்டு பாட்டில் வாங்கிக் கையில் கொடுத்து, கூடுதலாக வைத்திருக்கும் மடிப்புப் பையை நீட்டுங்கள். மறுத்தால் குழுவின் இலக்கைக் குறையுங்கள். உங்கள் கையிருப்பு அரை லிட்டர் அவருக்கென்று எடுத்து வந்ததல்ல. அது ஏதாவது நேர்ந்தால் எல்லோருக்குமானது.

பாதித் தண்ணி காலி, உச்சி இன்னும் கண்ணுலயே படல. திரும்பணுமா?

இரண்டு எண்களைப் பாருங்கள். கையிருப்பைத் தள்ளி, கிளம்பும்போது இருந்த தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்கு இறங்குவதற்கு வேண்டும். அந்த அளவைத் தொட்ட இடம்தான் திரும்பும் இடம், உச்சி பத்து நிமிடத்தில் இருந்தாலும். அடுத்து நேரம்: சூரியன் மறையும் நேரத்தில் இருந்து இறங்க ஆகும் நேரத்தைக் கழித்து, இன்னும் ஒரு மணி நேரம் கழியுங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கு மறைவு, இறங்க இரண்டு மணி நேரம் என்றால் மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டில் எது முதலில் வருகிறதோ அதன்படி நடங்கள். இந்த இரண்டு எண்களையும் அடிவாரத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். மேலே போன பிறகு சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும். குழுவில் யாருக்காவது வியர்வை நின்று தோல் சூடாகவோ பேச்சு குழறலாகவோ இருந்தால் எண்ணெல்லாம் பார்க்க வேண்டாம். நிழலில் படுக்க வைத்து, துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் போட்டு விசிறி, உடனே 112-ஐ அழையுங்கள்.